தோளில் நின்ற பந்தல்

என்னைப் போலவே துணிந்து அந்த வீட்டில் பெண் எடுத்த என் அருமைச் சகலைக்கு,

பெரியவளைக் கட்டியவன் எழுதிக்கொண்டது. வலது தோள் நீங்கலாக நான் இங்கே நலம். அங்கே நீங்களும், உங்கள் புது ஆபீஸும், புது மேலதிகாரியும், உங்கள் கைச் சமையலைச் சகித்துக்கொண்டிருக்கும் உங்கள் வயிறும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதை ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. நான் யாரிடம் ஃபோனில் பேசினாலும் என் வீட்டுக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து துணி மடிப்பாள். மடிக்கத் துணி இல்லையென்றால் மடித்த துணியைப் பிரித்து மடிப்பாள். மெசேஜ் அனுப்பலாமென்றால், என் ஃபோன் எனக்குச் சொந்தமே தவிர ரகசியமல்ல. எனவே தபால்தான் பாதுகாப்பு என்று முடிவு செய்து உங்கள் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்ததையும் ஒரே குப்பைக்கூடையில் போடாதீர்கள்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் நடந்து தொலைந்ததைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எதைச் சொன்னாலும் ஆதியிலிருந்து ஆரம்பிப்பது நம் மாமனார் வீட்டுப் பழக்கம், எனக்கும் தொற்றிக்கொண்டது. அன்றைக்கு என் வீட்டுக்கு வந்த சின்னவள் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, "உள்ள உட்கார்ந்தா வேர்க்குது, வெளிய உட்கார்ந்தா சாக்கடை தெரியுது. உன் வீட்ல மனுஷங்க எங்கக்கா உட்காருவாங்க?" என்று கேட்டாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள் என்று நான் இன்றும் சத்தியம் செய்வேன், என் சத்தியத்துக்கு வீட்டில் மதிப்பில்லை என்பது வேறு விஷயம். பெரியவள் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்காமல், "உட்கார முடியாதவங்க எழுந்து போகலாம்" என்றாள். சின்னவள் எழுந்தாள், போனாள். பாதி குடித்த டீ டம்ளர் மேஜைமேலேயே இருந்தது. அதை என் வீட்டுக்காரி வெகுநாள் கழுவவில்லை, சாட்சிக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தபால்காரர்கள் ஆனது நாம் இருவரும்தான். சின்னவள் பிறந்தநாளன்று, "ஞாபகம் இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, வாழ்த்துன்னு சொல்லிடாதீங்க" என்று எனக்கு உத்தரவு. நான் உங்களைக் கூப்பிட்டு, "ஞாபகம் இருக்கிறதாம்" என்றேன். நீங்கள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்களுக்கும் இருக்கு" என்றீர்கள். நம்மை விட்டால் வெளியுறவுத் துறையையே நடத்திவிடுவோம்.

அப்போதுதான் உங்களுக்கு மாற்றல் வந்தது. நீங்கள் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மாதக் கடைசியில் சின்னவளும் மூட்டை கட்டிக்கொண்டு உங்களிடம் வந்துவிடுவாள். ஒரே ஊரில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது சகலை. கடைத்தெருவில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், யாரிடமாவது விசாரித்துக்கொள்ளலாம், கோபத்துக்குத் தினமும் கொஞ்சம் தீனி கிடைக்கும். தூரமாகப் போய்விட்டால் அந்தக் கோபமும் வற்றிவிடும், அதற்கப்புறம் ஒன்றுமே மிஞ்சாது. மாற்றல் செய்தியை நான் சொன்ன அன்று என் வீட்டுக்காரி "ஓஹோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய், துலக்கிக் கவிழ்த்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடி துலக்கினாள். அந்த டம்ளரையும்தான். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. அவள் தங்கையை அனுப்பி வைக்கத் தயாராகிறாள் என்று தோன்றியது. பேசாமலேயே.

மறுநாள் ஒரு பத்திரிகையைப் பிரித்து என் மூக்கின்முன் நீட்டினாள். யாருடைய வீட்டு வாசலிலோ வெள்ளை மரச்சட்டத்தில் ஒரு கொடிப்பந்தல். தூண், மேலே குறுக்குச் சட்டம், வழிய வழியப் பூ, கீழே ஒரு பெஞ்சு, அதில் ஒரு பெண் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலைவெட்டி இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பது என் வீட்டுக்காரிக்குத் தெரிந்தது. பந்தல் வைத்தால் குறுகிய முற்றமும் விரிந்து தெரியுமாம், வெறும் நடைபாதை வரவேற்பறை ஆகிவிடுமாம், கண்ணை உறுத்துகிற எதுவும் கொடிக்குப் பின்னால் மறைந்துவிடுமாம், அப்படித்தான் படத்துக்கு அடியில் போட்டிருந்தது. "நமக்குக் காத்தாட உட்காரத்தான்" என்றாள். "நமக்கா" என்றேன். "பின்ன யாருக்கு" என்று கேட்ட வேகத்திலேயே யாருக்கு என்று புரிந்துவிட்டது.

எங்கள் முற்றம் உங்களுக்குத் தெரியும். கேட்டிலிருந்து வாசற்படி வரை ஒரு சிமெண்டுத் தரை, ஒரு துவைக்கிற கல், பக்கச் சுவரை ஒட்டிச் சாக்கடை. இதில் பந்தலை எங்கே வைப்பது. கேட்டருகே வைத்தால் கேட் திறக்கவில்லை. கல்லருகே வைத்தால் ஈரத்துணி முகத்தில் அடித்தது. சுவரோரம் வைத்தால் மாடிவீட்டுக்காரர் பார்வையில் விழுந்தது. அவர் ரிட்டயரான கணக்குத் தணிக்கையாளர், வேலை போனாலும் தணிக்கை போகவில்லை, எங்கள் முற்றத்தில் ஒரு கிண்ணம் இடம் மாறினால்கூட மேலிருந்து விசாரிப்பார். பந்தல் செய்யக் கூப்பிட்ட தச்சர் இருக்கிறாரே, அவருக்கு நான் வைத்த பெயர் 'ஆயிடும்சார்.' எதைக் கேட்டாலும் "ஆயிடும் சார்" என்பார். என் வீட்டுக்காரி நாளொரு இடம் காட்டினாள், அவரும் ஆயிடும் ஆயிடும் என்று தூணைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தார். கடைசியில் நான்தான் ஒரு யோசனை சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன யோசனைகளின் சரித்திரம் உங்களுக்குத் தெரிந்திருந்தும் இந்த இடத்தில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள். இடம் முடிவாகும்வரை தூணைத் தரையில் புதைக்க வேண்டாம், காலி பெயிண்ட் டப்பாக்களில் மணலை ரொப்பி அதில் நட்டு வைப்போம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஆயிடும்சார் என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை. பின்பக்கத் தூண்கள் இரண்டுக்கும் நடுவே பெஞ்சை ஆணி அடித்துப் பிணைத்துவிட்டார், பெஞ்சு நகரக் கூடாதாம். நகரக் கூடாத பெஞ்சை, நிற்கத் தெரியாத தூணில் கட்டிவைத்தோம். நீங்கள் எனக்கு இரவல் கொடுத்த டிரில்லிங் மெஷின் இத்தனைக்கும் அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருந்தது.

பந்தல் வந்தது, கொடி வரவில்லை. கொடி நட்டோம்தான். அது யாரும் பார்க்காதபோது மட்டும் வளர்கிற ஜாதி, நாங்களோ எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருந்தோம். விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் குச்சி. "அவ வர்றப்ப இந்தக் குச்சியையா காட்டுறது" என்று என் வீட்டுக்காரி வாய் தவறிச் சொன்னாள். எவள் என்று நான் கேட்கவில்லை, எனக்கும் அறிவு உண்டு. நேரே நாற்றுப்பண்ணைக்காரரிடம் போனேன். விசேஷ மண்டபங்களுக்குப் பூச்செடித் தொட்டிகளை வாடகைக்கு விடுகிறவர். மண் தொட்டிகளில் நன்றாக வளர்ந்த காகிதப்பூச் செடிகள், ஆளுயரத்துக்குக் கிளை, கிளை கொள்ளாத பூ. அவற்றை ஏணி போட்டுப் பந்தலின் உச்சியில் ஏற்றி, கேட்டைப் பார்த்த முன்பக்கம் வரிசையாக வைத்து, தொட்டி தெரியாமல் சாக்குப் போட்டு மறைத்து, கிளைகளைக் கீழே தொங்கவிட்டோம். கீழிருந்து மேலே ஏறினால்தான் கொடியா என்ன, மேலிருந்து கீழே இறங்கினாலும் கண்ணுக்கு ஒன்றுதான். "வாடினா நான் பொறுப்பில்ல, நல்லா தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊற்றினேன் சகலை. கனிவோடு ஊற்றினேன். தொட்டி நிறைந்து, தூண் வழியே இறங்கி, டப்பாவுக்குள் போகும் அளவுக்கு ஊற்றினேன்.

இனிமேல்தான் நம் சதி. ஊர் விட்டுப் போகுமுன் என்னிடமிருந்து டிரில்லிங் மெஷினை வாங்கி வரச் சொல்லி நீங்கள் சின்னவளிடம் சொன்னீர்கள், நான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க முடியாத அளவுக்கு அது கனம் என்று நானும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வாடகை வண்டி வந்து நின்றது. என் வீட்டுக்காரி வாசற்படியில் நின்று என்னைப் பார்த்து, "வந்தவங்கள உட்காரச் சொல்லுங்க" என்றாள். சின்னவள் கேட்டில் நின்று என்னைப் பார்த்து, "மெஷினக் குடுங்கத்தான், வண்டி நிக்குது" என்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றேன், மாறி மாறித் தலையாட்டினேன். அப்போது சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். பூ தன் வேலையைச் செய்தது. அந்த வெயிலில் அந்தச் சிவப்பைப் பார்த்தால் யாருக்குமே கால் நிற்கும். உள்ளே வந்து, பந்தலுக்குள் நுழைந்து, பின்னாலிருந்த பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். பெரியவள் அதைப் பார்த்தாள். இறங்கி வந்து மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு மாமியார் தாராளமாக உட்காரலாம், அவ்வளவு இடைவெளி. ஆனால் ஒரே பெஞ்சு.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு சத்தம் கேட்டது. மூட்டை கிழிந்து அரிசி கொட்டுகிற மாதிரி, சர்ர் என்று. குனிந்து பார்த்தேன். முன்பக்கத்துத் தூணின் டப்பா மூட்டுவாய் விட்டு, ஈர மணல் தரையில் வழிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூண் மெல்ல இறங்கியது. மேலே தொட்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும் ஓசை. நான் ஒரு அடி எடுத்து வைத்து, தூணுக்கு வலது தோளைக் கொடுத்தேன். நின்றது. நான் மூச்சு விட்டால் நகர்ந்தது. மூச்சு விடுவதை நிறுத்தினேன்.

எழுந்திருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அதே வீட்டில், அதே ஆளை, இரண்டாவது தடவை எழுந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை சகலை. ஏன் என்று கேட்பாள். டப்பாவைச் சொல்ல வேண்டும், தொட்டியைச் சொல்ல வேண்டும், வாடகைப் பூவைச் சொல்ல வேண்டும். அவளுக்காக ஜோடித்த நாடகம் என்று தெரிந்தால் அவள் சிரிப்பாள், அவள் சிரித்தால் இவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள், வண்டி கிளம்பிவிடும், மாதக் கடைசியில் ரயிலும் கிளம்பிவிடும். சொல்லாவிட்டாலோ இரண்டு பேர் தலையிலும் தொட்டி விழும். ஆகவே விழாமல் பார்த்துக்கொள்வதே வழி என்று, தூணோடு தூணாக நின்றேன். ஒரு முள் கிளை காதுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. காகிதப்பூவுக்கு முள் உண்டு என்பதைப் படத்தில் காட்டமாட்டார்கள்.

"என்னங்க, ஒரு வாய் டீ போடுங்களேன்" என்றாள் என் வீட்டுக்காரி. இப்போதுதான் காற்று நன்றாக வருகிறது, கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன் என்றேன். ஒரு இலைகூட அசையவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மூக்கு நுனியில் வந்து தொங்கியது, துடைக்கக் கை இல்லை. சின்னவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எதிர்ச் சுவரிடம் கேட்கிற மாதிரி, "அத்தான் ஏன் பந்தலைக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கிறாரு" என்றாள். பெரியவள் துவைக்கிற கல்லிடம் சொல்கிற மாதிரி, "அவர் கையால செஞ்சதாச்சே, அதான் அத்தனை பாசம்" என்றாள். கவனியுங்கள். ஒருத்தி கேட்டாள், ஒருத்தி பதில் சொன்னாள். சுவருக்கும் கல்லுக்கும் நடந்த உரையாடல்தான், ஆனாலும் உரையாடல். நான் இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

விதி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தது. தணிக்கையாளர் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "சார், உங்க பந்தல் கொஞ்சம் கேட்டுப் பக்கமா..." என்று ஆரம்பித்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வையில் கெஞ்சல், மிரட்டல், அயலார் உறவு எல்லாம் இருந்தது. அவர் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, உள்ளே போகாமல் அங்கேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முழுதும் பார்க்காமல் போகிற மனுஷர் இல்லை.

அடுத்து வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார். சின்னவள் எழப் போனாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவள் பாதி எழும்போதே என் பக்கம் பார்த்தாள், சட்டென்று மறுபடி உட்கார்ந்தாள். நகர்ந்து நகர்ந்து, அந்த மாமியார் இடத்தைத் தாண்டி, அக்காவை ஒட்டி உட்கார்ந்து, அவள் காதில் என்னமோ சொன்னாள். என் வீட்டுக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் கண்ணால் பார்த்தேன் சகலை. நிறைந்த கண்ணோடு தங்கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கு எட்டவில்லை, எட்டத்தான் வேண்டுமா. மன்னிப்பு என்பது சத்தமாகச் சொல்கிற சமாச்சாரமா. சின்னவள் கேட்டுப் பக்கம் பார்த்து, "நீங்க போங்கண்ணே, நான் இருக்கேன்" என்று வண்டியை அனுப்பிவிட்டாள்.

அதற்கப்புறம் இருவரும் பேசினார்கள் பாருங்கள். அணை உடைந்த மாதிரி. சின்ன வயதில் ஒரே ரிப்பனுக்கு அடித்துக்கொண்டது, மாமனார் மூக்குக்கண்ணாடியை மிதித்தது யார், பரீட்சைக்கு முந்தின நாள் யாருடைய காய்ச்சல் நிஜக் காய்ச்சல், யாரைப் பெண் பார்க்க வந்தவன் யாரைப் பார்த்தான் என்றெல்லாம், நிறுத்தாமல், கொஞ்சம் சத்தமாகவே. நடுநடுவே என் பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். என் வலது கை என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம். ஒரு எறும்பு கணுக்காலில் ஆரம்பித்து, அவசரமே இல்லாமல், மேலே மேலே வந்துகொண்டிருந்தது. மேலே தொட்டி லேசாக நகரும் ஒவ்வொரு தடவையும் அக்காள் தங்கை இரண்டு பேர் பேச்சும் ஒரு கணம் நின்று, முன்னைவிட வேகமாகத் தொடங்கியது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா. விழுந்தால் என்மேல் விழட்டும், இந்தப் பேச்சு முடியும்வரை விழாதே என்று தொட்டிகளிடம் மனதுக்குள் கைகூப்பினேன். நிஜக் கை காலியாக இல்லை.

வேளை பார்த்து வருவது என்பார்களே, அப்படி வந்து சேர்ந்தார் நாற்றுப்பண்ணைக்காரர். தள்ளுவண்டியோடு. ஏதோ மண்டபத்தில் அவசரமாகத் தொட்டி வேண்டுமாம். ரகசியம் போச்சு, மானமும் போச்சு, எல்லாவற்றையும் ஏற்றிப்போக ஒரே வண்டி வந்துவிட்டதே என்று நடுங்கினேன். அவர் எங்களை வணங்கிவிட்டு, ஏணி போட்டு, சாக்கை விலக்கி, தொட்டியை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார். சின்னவள் கண்முன்னால் சகலை. பூத்துக் குலுங்கிய பந்தல் அவள் கண்முன்னாலேயே மொட்டைச் சட்டமாகிக்கொண்டு வந்தது. எனக்குத் தோளில் கனம் குறையக் குறைய நெஞ்சில் ஏறியது. கடைசித் தொட்டியும் இறங்கியது. சின்னவள் அண்ணாந்து பார்த்தாள். பெரியவள் மடியைப் பார்த்தாள்.

"இப்பதான்க்கா நல்லா இருக்கு. வானம் தெரியுது" என்றாள் சின்னவள்.

அவ்வளவுதான். நக்கலில்லை, கேள்வியில்லை. இவ்வளவு பெரிய மனசை உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு நீங்கள் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறீர்கள். என் வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னிடம் திரும்பி, "நீங்க முதல்ல நகர்ந்து உள்ள போங்க. அப்புறம் நாங்க எழுந்திருக்கிறோம்" என்றாள். கல்யாணம் ஆன நாள் முதல் எந்த வாசலிலும் எனக்கு முன்னால் போகும் உரிமை கிடைத்ததில்லை. அன்று கிடைத்தது. தோளை எடுத்தேன். பந்தல் நின்றது. நான் வாசற்படி ஏறினேன். அவர்கள் இருவரும் கைகோத்தபடி, எதற்கோ கணக்காக, ஒரே நேரத்தில் எழுந்து விலகினார்கள். அவர்கள் படியேறியதும் பந்தல் கேட்டைப் பார்த்து மரியாதையாகக் குனிந்து, மண்டியிட்டு, குப்புறப் படுத்துக்கொண்டது. கேட்டின் ஒரு கதவு அதற்கடியில் போய்விட்டது. மாடியிலிருந்து தணிக்கையாளர், "நான் சொல்ல வந்தது அதான் சார்" என்றார். அக்காளும் தங்கையும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். விலா பிடித்துக்கொள்ளும்வரை சிரித்தார்கள். பெரியவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம்.

ஆக, சகலை, நான் சொல்ல வருவது இதுதான். சமாதானம் ஆகிவிட்டது. சின்னவள் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, பெரியவள் கொடுத்தாகிவிட்டது, பழசெல்லாம் கழுவிவிட்டாயிற்று. நிம்மதியாக அவளை வரவழைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பந்தலையும் அதன் கீழிருந்த இரண்டு உயிரையும் தாங்கி நின்றது இந்தத் தோள்தான் என்பது உங்களையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் பயந்துவிடுவார்கள். புகழ் எனக்கு வேண்டாம். நீங்கள் மட்டும் அவ்வப்போது மனதுக்குள் நினைத்துக்கொண்டால் போதும், வாய்விட்டு நினைத்தாலும் ஆட்சேபணையில்லை. தைலம் தடவிக்கொள்கிறேன், இடது கையால் எழுதியதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் ஆயுளும் உத்தியோகமும் உயர, சமையல் சீக்கிரம் கைமாற, மனமார வாழ்த்தும்,
உங்கள் அன்புச் சகலை.

பின்குறிப்பு: தம்பிக்கு அக்கா எழுதுவது. உங்கள் சகலை கவர் வாங்கப் போயிருக்கிறார். எழுதியதை மேஜை விரிப்புக்கு அடியில் ஒளித்துவைத்தார், அது நான் சில்லறைச் சாமான் வைக்கிற இடம். கிழித்துப் போட வேண்டாம், சின்னவளும் படித்துவிட்டாள், பக்கத்தில்தான் இருக்கிறாள். அவள் என் காதில் சொன்னது மன்னிப்பு இல்லை. "அக்கா, பந்தல் முன்பக்கமா அத்தான் மேல சாயுது. பின்னால நாம உட்கார்ந்திருக்கிற கனத்துலதான் நிக்குது. எழுந்தோம்னா தொட்டி அவர் தலைமேல" என்றாள். அவள் பாதி எழுந்தபோது பெஞ்சுக் கால் மேலே தூக்கியதாம். எனக்குக் கண் நிறைந்தது உண்மைதான், பயத்தில். அவரிடம் சொல்லலாமென்றால், "எங்க" என்று கேட்டுத் தலையை நீட்டிப் பார்ப்பார், அவரை எனக்குத் தெரியும். ஆகவே அவர் மிரளாமல் இருக்க இரண்டு பேரும் சத்தமாகப் பேசிக்கொண்டே இருந்தோம். பேச விஷயம் இல்லாமல் ரிப்பன் வரை போனோம், அதில் பாதி அவள் இட்டுக்கட்டியது. நாற்றுப்பண்ணைக்காரரை மடியில் ஃபோனை வைத்து மெசேஜ் போட்டு நான்தான் கூப்பிட்டேன், மண்டபமும் இல்லை அவசரமும் இல்லை. உங்கள் சகலை யாரையும் தாங்கவில்லை தம்பி, நாங்கள்தான் அவரைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், தைலம் தடவும்போது முகத்தில் ஒரு களை தெரிகிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

மற்றபடி சமாதானம் என்று அவர் எழுதியிருப்பது சரியில்லை. இவள் அன்று சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை, நானும் வாங்கவில்லை. ஒரு மனுஷன் தொட்டிக்கடியில் நிற்கும்போது அந்தப் பேச்சை எப்படி எடுப்பது. அதனால் மறுநாள் காலையிலேயே வந்தாள், எடுத்தோம். தினமும் வருகிறாள். சாப்பிடும் நேரத்துக்கு நிறுத்திவிட்டு, கை கழுவியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறோம். இத்தனை நாள் பேசாமல் இருந்ததில் எவ்வளவு சேர்ந்துபோயிருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. ஆகவே மாதக் கடைசிக்கு எடுத்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். நீங்கள் இன்னும் கொஞ்ச நாள் உங்கள் கையாலேயே சமைத்துக்கொள்ள வேண்டியதுதான். சண்டை இப்போதுதான் பாதி ஆகியிருக்கிறது, முடிக்காமல் இவளை அனுப்புவதாக இல்லை.